வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு தோட்டத்து ஊஞ்சல்

கடையில் கிடைக்கும் தோட்ட ஊஞ்சல்கள் சின்னக் குழந்தைகளுக்குத்தான் சரிவரும். எங்கள் பிள்ளைகளுக்கு வயது 11, 14. நின்றுகொண்டு உந்துவார்கள், ஜோடியாக ஏறுவார்கள். 50 கிலோ பிள்ளை சங்கிலி படுக்கைவாட்டுக்கு வருமளவு உயரப் போய் இறங்கினால், அடியில் வரும்போது சங்கிலி தாங்க வேண்டியது 150 கிலோ. ஜோடி என்றால் 300. அந்தக் கணக்கில்தான் சாமான் வாங்கினேன்.

மேலே குறுக்கே போகும் விட்டத்துக்கும் கால்களுக்கும் மூன்று அங்குல ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்பு), பி கிளாஸ், அதாவது நடுத்தரக் கனம். 20 அடிப் பைப்பைப் பாதியாக அறுத்தால் இரண்டு கால். மண்ணுக்குள் இரண்டடி போக, கால்கள் சாய்வாக நிற்பதால் விட்டம் ஏழரை அடி உயரத்தில் நிற்கும். பற்றவைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுக்கச் சொல்லுங்கள், அந்தப் புகை காய்ச்சலில் கொண்டுபோய் விடும். வெல்டிங் ஆறியதும் அங்கே ஜிங்க் பெயிண்ட் அடிக்காவிட்டால் முதல் மழையிலேயே துரு ஏறும்.

பார்க்கிறவர்கள் எல்லாம் விட்டத்தின் கனத்தைத்தான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் காலடியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். முன்னால் வீசி ஆடும்போது பின்னங்கால் மண்ணைவிட்டு எழப் பார்க்கும்; பின்னால் போகும்போது முன்னங்கால். அதனால் நான்கு காலுக்கும் ஒன்றரை அடிச் சதுரத்தில், இரண்டரை அடி ஆழத்தில் குழி எடுத்தோம். கால் நுனியில் குறுக்கே கம்பி பற்றவைத்து, சிமெண்ட், மணல், ஜல்லி 1:2:4 கலவை போட்டார் கொத்தனார். ஒவ்வொரு குழியிலும் 350 கிலோவுக்கு மேல் கான்கிரீட் உட்கார்ந்திருக்கிறது. ஏழு நாளாவது ஈரச் சாக்கு போர்த்த வேண்டும். அதுவரை பிள்ளைகளை அண்டவிடாமல் வைத்திருந்ததுதான் பெரும்பாடு!

வெறும் கொக்கி வளையத்தில் உரசி உரசித் தேயும். பேரிங் வைத்த கொக்கியை விட்டத்தில் துளைபோட்டு, போல்ட்டால் முடுக்கினோம். சங்கிலி 8 மி.மீ. பலகை வேங்கை, நின்று ஆட ரப்பர் இருக்கை தோதுப்படாது. ஆனால் பலகை வீசி வந்து எதிரே நிற்பவர் மேல் பட்டால் பலத்த அடி. விளிம்பை உருட்டி இழைத்து, பழைய சைக்கிள் டயரைச் சுற்றி ஆணி அடித்திருக்கிறேன்.

இடம் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. விட்டத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கு முன்னாலும் பின்னாலும் காலியாக இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் விளையாட்டுத்திடல் கையேடு. எங்களுக்கு அது 15 அடி. அதற்காகவே துவைக்கும் கல்லை இடம் மாற்றினோம். கீழே ஆற்று மணல் கொட்டியிருக்கிறேன். குதித்துக் குதித்துப் பள்ளம் விழுகிறது, அவ்வப்போது மண்வெட்டியால் இழுத்துவிட்டு, அப்படியே போல்ட்டுகளையும் ஒரு திருகு திருகிப் பார்த்துவிடுகிறேன்.