ஆமென் சொல்லவும் இல்லை, மறுக்கவும் இல்லை

மாத்திரையை நிறுத்தலாமா என்று அந்த அக்கா கேட்டிருந்தால் பதில் சுலபம். காசநோய்ப் பிரிவில் தினமும் சொல்கிற பதில்தான். அவர் கேட்டது வேறு. "சிஸ்டர், நீங்களும் விசுவாசிதானே? கர்த்தர் என்னைச் சுகமாக்கிட்டார்னு பிரதர் தரிசனத்துல பார்த்துச் சொன்னார். அது கர்த்தர் சொன்னதுதானா?"

அவருக்கு இரண்டாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. இருமல் நின்றிருந்தது, சாப்பாடு இறங்கியது, முகம் தெளிந்திருந்தது. ஆபத்தான கட்டமே அதுதான். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து என்று விடாமல் போக வேண்டும். தேறியதும் நிறுத்தினால் மிச்சமிருக்கும் கிருமி மறுபடி பெருகும்; முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கே அடங்காததாகவும் மாறலாம். ஆனால் அன்றைக்கு அவர் உடம்பு பிரதர் பக்கம்தான் சாட்சி சொன்னது.

நான் சொன்னேன்: "அக்கா, சாகக் கிடந்த எசேக்கியா ராஜாவுக்குக் கர்த்தர் 15 வருஷம் கூட்டிக் கொடுத்தார். அப்புறமும் ஏசாயா அத்திப்பழத்து அடையைப் பிளவை மேல வைக்கச் சொன்னார் இல்லையா? நீங்க மாத்திரையை முடிங்க."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "சரி சிஸ்டர்" என்றார். ஆறு மாதமும் முடித்தார். சளியில் கிருமி இல்லை.

என் பதிலில் பொய் இல்லை. ஆனால் அவர் கேட்டதற்கு அது பதிலும் இல்லை.

வேறென்ன சொல்லியிருக்க முடியும்? சொந்தக்காரர்களே தட்டை ஒதுக்கி வைத்த வீட்டில், பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்தவர் அந்தப் பிரதர். அவர் சொன்னது தவறு என்றால் அக்கா எங்கள் இருவரில் ஒருவரை விட வேண்டியிருக்கும். என்னைத்தான் விட்டிருப்பார், மாத்திரையையும் சேர்த்து. இதை இன்றும் நம்புகிறேன்.

தீர்க்கதரிசி எரேமியாவும் அப்படித்தானே செய்தார்? இரண்டு வருஷத்தில் எல்லாம் சரியாகும் என்று அனனியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி சொன்னபோது, "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றார். எச்சரித்தார். அடிமைத்தனத்துக்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை அனனியா உடைத்தபோது பேசாமல் தன் வழியே போனார். இது எனக்கு ஆறுதலாக இருந்தது, அடுத்த வசனங்களை மறுபடி வாசிக்கும் வரை. அவர் திரும்பி வந்து, "கர்த்தர் உன்னை அனுப்பினதில்லை" என்று முகத்துக்கு நேரே சொன்னார். தீர்க்கதரிசனங்களை அற்பமாய் எண்ணாதிருங்கள் என்ற பவுலும் அதே மூச்சில் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார். நான் முதல் பாதியோடு நின்றுவிட்டேனா? விவேகத்துக்கும் பயத்துக்கும் உள்ள வித்தியாசம் உள்ளிருந்து பார்த்தால் தெரிவதே இல்லை.

அப்புறம் அக்கா என்னைத் தன் சபைக்கு அழைத்தார். சாட்சி சொல்ல எழுந்தார். பிரதர் சொன்ன அன்றே சுகமானதாகச் சொன்னார். மாத்திரை பற்றி ஒரு வார்த்தை இல்லை. எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். அந்தக் கூட்டத்தில் மாத்திரை சாப்பிடுகிற வேறு யாராவது இருந்திருக்கலாம். நான் எழுந்திருக்கவில்லை. அவருடைய சிகிச்சை விவரம் என் வாயிலிருந்து வரக்கூடாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்தப் பிரதரிடம் பேசவேண்டும் என்றிருக்கிறது. ஆனால் அந்த வார்த்தை அக்காவுக்குச் சொல்லப்பட்டது. அவரைக் காட்டாமல் அதைப் பேச வழியில்லை. அவரிடமே அனுமதி கேட்கலாம். கேட்டால், அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை முதலில் அவரிடம் சொல்ல வேண்டியிருக்கும்.