குளோப் திஸிலை ரொம்பக் கொஞ்சாதீங்க

குளோப் திஸில், அதான் நீலப் பந்து மாதிரி பூக்கிற முள்ளுச்செடி, அதை வாங்கி நல்லா கம்போஸ்ட் போட்டு, தினமும் தண்ணி ஊத்தி, ஆசை ஆசையா வளர்க்கறவங்க கிட்டதான் அந்தச் செடி சீக்கிரம் செத்துப்போகுது, கண்டுக்காம விடறவங்க கிட்ட அது பாட்டுக்கு வருஷக்கணக்கா நிக்குது. பாவம்னு பாத்தா பொழைக்காத செடி இது.

காரணம் வேர்ல இருக்கு. நல்ல ஆழமா ஆணிவேர் விடற செடி, கீழ போய் ஈரத்தை அதுவே தேடிக்கும், மேல மண்ணு காய்ஞ்சு கெடந்தாலும் கவலைப்படாது. ஆனா தண்ணி தேங்குச்சுன்னா, அதுவும் குளிர்காலத்துல செடி தூங்கற நேரத்துல தேங்குச்சுன்னா, தண்டும் வேரும் சேர்ற இடம் அழுகி மொத்தமா போயிடும். பனி இதை ஒண்ணும் பண்ணாது, பனியோட சேர்ந்த சகதிதான் எமன். அதனால களிமண்ணா இருந்தா பெரிய மணலோ பொடிக்கல்லோ கலந்து தண்ணி வடியற மாதிரி பண்ணிட்டு அப்புறம் நடுங்க, நட்ட முதல் வருஷம் மட்டும் வேர் பிடிக்கிற வரைக்கும் தண்ணி பாத்துக்கோங்க, அதுக்கப்புறம் ரொம்ப வறட்சியா இருந்தா ஒழிய தொட வேண்டாம்.

உரமும் அப்படித்தான். சத்தான மண்ணுல இலை மட்டும் கொழுத்து தண்டு லொடலொடன்னு வளர்ந்து பூ வர்ற நேரத்துல அப்படியே சாஞ்சிடும், அப்புறம் குச்சி நட்டு கட்டிக்கிட்டே இருக்கணும். நிழல்ல வெச்சாலும் இதே கதைதான், ஒரு நாளைக்கு 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேணும். வெயிலும் சுமாரான மண்ணும் இருந்தா 2 லேர்ந்து 4 அடி வரைக்கும் நிமிர்ந்து நிக்கும். ஒண்ணு சொல்லிடறேன், இது குளிர் நாட்டுச் செடி, வருஷம் பூரா சூடும் புழுக்கமுமா இருக்கிற ஊர்ல இது சரியா வராது, அங்க இதுக்காக மெனக்கெடறது எனக்கு வீண் வேலையாதான் தெரியுது.

எடம் மட்டும் யோசிச்சு முடிவு பண்ணுங்க. இன்னிக்கு இங்க நட்டுட்டு அடுத்த வருஷம் அங்க மாத்திக்கலாம்னா நடக்காது, ஆணிவேரை ஒடைச்சா செடிக்கு அவ்ளோ கோவம் வரும். செடிக்கு செடி ஒண்ணரை, ரெண்டு அடி விடுங்க. தொட்டியில வெக்கறதுன்னா அகலத்தை விட ஆழம்தான் முக்கியம்.

பூ இருக்கே, அதுக்காகத்தான் இவ்வளவும். பந்து மாதிரி இருக்கிறது ஒரே பூ இல்ல, குட்டிக் குட்டிப் பூ நூத்துக்கணக்குல ஒட்டி நிக்கிற கூட்டம், மொட்டா இருக்கறப்போ நீலம் கலந்த இரும்பு கலர், அப்புறம் உச்சியிலேர்ந்து ஆரம்பிச்சு கீழ வரைக்கும் ஒண்ணொண்ணா விரியும். தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் அதை விட்டு நகராது. காயவெச்சு வீட்ல வெக்கணும்னா கலர் நல்லா ஏறி குட்டிப்பூ விரியறதுக்கு முன்னாடியே வெட்டி, காத்தோட்டமான இருட்டு எடத்துல தலைகீழா தொங்கவிடுங்க, விரிஞ்சதுக்கப்புறம் வெட்டினா காய்ஞ்சதும் பொலபொலன்னு உதிரும். வெட்டறப்போ கைக்கு க்ளவுஸ் போட்டுக்கோங்க, இலை ஓரத்து முள்ளு பாக்க சாதுவா இருக்கும், குத்தினா தெரியும்.

கடையில திஸில்னு எழுதியிருந்தா எல்லாம் ஒண்ணுன்னு நெனச்சிடாதீங்க. ஸீ ஹாலிங்கறது திஸிலே இல்ல, கேரட் குடும்பம், ஆனா வளர்க்கற முறை கிட்டத்தட்ட இதேதான், தாராளமா வாங்கலாம். ஸ்காட்ச் திஸில் வேற ஆளு, முதல் வருஷம் தரையோட இலை, ரெண்டாவது வருஷம் ஆளை விட ஒசரமா எழுந்து பூத்து, ஆயிரக்கணக்குல விதையைக் கொட்டிட்டு செத்துப்போகும், அமெரிக்காவுல பல மாநிலங்கள்ல அதை ஒழிக்க வேண்டிய களைன்னே அறிவிச்சிருக்காங்க, எவ்ளோ அழகா இருந்தாலும் நான் வாங்க மாட்டேன். குளோப் திஸிலும் விதை போட்டுப் பரவும்தான், வேண்டாம்னா பூ வாடினதும் தலையை வெட்டிடுங்க, கொஞ்சம் விட்டு வெச்சா சின்னச் சின்ன குருவிங்க வந்து விதையைக் கொத்தும்.

செடி பெருக்கணும்னா விதையை விட வேர்த்துண்டு நல்லது, விதையில வர்றது பெரும்பாலும் ரெண்டாவது வருஷம்தான் பூக்கும், தாய்ச்செடி மாதிரியே இருக்கும்னும் சொல்ல முடியாது. செடி தூங்கற குளிர்காலத்துல ஓரமா தோண்டி பென்சில் தடிமன்ல இருக்கிற வேரை 2, 3 இன்ச்சா வெட்டுங்க, மேல் நுனியை நேரா வெட்டுங்க, கீழ் நுனியை சாய்ச்சு வெட்டுங்க, இல்லன்னா எது மேல எது கீழன்னு அப்புறம் தெரியாது. மணல் கலந்த மண்ணுல நேர் வெட்டு மேல பாக்கிற மாதிரி சொருகி, மேல லேசா மணல் தூவி, மண்ணு காயாத அளவுக்கு மட்டும் ஈரம் காட்டுங்க, வசந்தத்துல துளிர் வரும். தோண்டறப்போ அறுந்து மண்ணுக்குள்ளயே தங்கற துண்டு கூட முளைச்சு வரும், அதனால பழைய எடத்துலயும் ஒரு கண்ணு வெச்சுக்கோங்க.