எடை போட்ட கல்லும் எண்ணாத மணலும்

கரைப் பாதுகாப்புப் பணிகளில் கழிந்த ஆண்டுகளில் என் கையில் அதிகம் புழங்கிய காகிதம் எடைமேடைச் சீட்டு. குவாரியிலிருந்து கருங்கல் ஏற்றிவரும் ஒவ்வொரு லாரியும் சுமையோடு ஒருமுறையும், கல்லைத் தட்டிய பிறகு வெறும் வண்டியாக ஒருமுறையும் மேடையில் ஏறும். இரண்டுக்குமுள்ள வித்தியாசம் அளவுப் புத்தகத்தில் பதிவாகி, ஒப்பந்ததாரருக்கான தொகை அந்த எண்ணிலிருந்தே கணக்கிடப்படும். ஒரு சீட்டு தவறிவிட்டால் விளக்கக் கடிதம் எழுத வேண்டும். அதே கரையில் ஒரு பருவத்துக்குள் எத்தனையோ லாரி நடைக்குச் சமமான மணல் வந்தும் போயும் இருக்கும். அதற்கு ஒருவரும் என்னிடம் விளக்கம் கேட்டதில்லை.

இந்தத் தொழிலை நான் கற்றது ஆற்றில். உதவிப் பொறியாளராக முதலில் அமர்த்தப்பட்ட இடம் கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதி. மேட்டூர் நிரம்பி உபரி நீர் வரும் நாட்களில் முக்கொம்பிலிருந்து வெள்ளத்தின் பெரும்பகுதி கொள்ளிடத்தில்தான் திருப்பிவிடப்படும். வளைவுகளில் வெளிக்கரை அரிபடும், எதிரே உட்கரையில் படுகை மேடிடும். கரை பிளக்கத் தொடங்கிய இரவுகளில் சவுக்குக் கட்டைகளை முளையடித்து, தட்டி கட்டி, மணல் மூட்டைகளை அடுக்கினோம். அங்கிருந்த வயது முதிர்ந்த மேஸ்திரி ஒருவர், நாங்கள் எல்லோரும் கரையின் மேல் விளிம்பில் விழுந்த வெடிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கையில், நீண்ட மூங்கில் கழியைத் தண்ணீருக்குள் விட்டு ஆழம் பார்ப்பார். நேற்று மூன்று முழம் இறங்கிய கழி இன்று ஐந்து முழம் இறங்கினால், மேலே வெடிப்பு இருக்கிறதோ இல்லையோ, அந்த இடத்துக்குத்தான் மூட்டைகள் போக வேண்டும் என்பார். கரை மேலே சரிவது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அது தோற்பது அடியில் என்பதைக் கல்லூரியைவிட அந்தக் கழியிடமிருந்துதான் நான் தெளிவாகத் தெரிந்துகொண்டேன்.

ஆற்றுக்கரைக் கல்கட்டுமானத்தில் ஏப்ரன் எனப்படும் பகுதியின் தேவையும் அதுவே. சரிவில் பதிக்கும் கல்லோடு நிறுத்தாமல், அதன் அடியிலிருந்து ஆற்றை நோக்கிப் படுகையின் மேல் கிடைமட்டமாகவும் கல்லைப் பரப்பிவைக்கிறோம். எதிர்பார்க்கும் அரிப்பின் ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு அகலம் என்பது வழக்கமான கணக்கு. வறண்ட காலத்தில் பார்ப்பவருக்கு அது வீண் செலவாகத் தோன்றும். ஆனால் வெள்ளத்தில் படுகை அரிந்து பள்ளமாகும்போது விளிம்பிலிருக்கும் கற்கள் தாமே சரிந்து இறங்கி, புதிதாக உண்டான சரிவைப் போர்த்திவிடும். இடம் பெயர்வதற்கென்றே வைக்கப்படும் கல் இது.

வட இந்தியாவின் பேராறுகளில் ரயில் பாலங்களைக் காக்கும் முயற்சியில் வளர்ந்த இந்த முறையைத் தொகுத்து, 1903-இல் வழிகாட்டியாக எழுதியவர் பிரான்சிஸ் ஸ்பிரிங். 1912-இல் எழுத்தராகச் சேர்ந்த கணித மேதை ராமானுஜனை ஆதரித்த துறைமுகத் தலைவர் என்ற அளவில்தான் நம்மில் பலருக்கு அவரைத் தெரியும். ஆறுகளின் மணலோடு மல்லுக்கட்டிய மனிதர் 1904-இல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது, கடல் மணல் துறைமுகத்தின் கிழக்கு வாயிலைத் தூர்த்துக்கொண்டிருந்தது. அவருடைய காலத்தில்தான் வாயில் வடகிழக்குப் பக்கம் மாற்றப்பட்டது. கொள்ளிடத்திலிருந்து கடலோரப் பிரிவுக்கு மாற்றல் ஆணை வந்தபோது, அவருக்கு நேர்ந்தது எனக்கும் சிறிய அளவில் நேர்கிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

கடலில் கல்லின் எடை முதல் கேள்வியாகிறது. நாங்கள் பயன்படுத்திய ஹட்சன் சூத்திரத்தில், தேவையான கல்லின் எடை அலை உயரத்தின் மும்மடிக்கு (உயரம் × உயரம் × உயரம்) ஏற்ப உயர்கிறது. ஒன்றுக்கு இரண்டு சரிவில் (ஒரு மீட்டர் உயர இரண்டு மீட்டர் கிடை), உடையும் அலைகள் மோதும் இடத்தில், கருங்கல்லை வைத்துக் கணக்கிட்டால் இரண்டு மீட்டர் அலைக்கு ஏறத்தாழ 1.3 டன் கல் போதும். அலை இரண்டரை மீட்டரானால் 2.6 டன், மூன்று மீட்டரானால் 4.5 டன். அரை மீட்டர் அலையைக் குறைத்து மதிப்பிட்டவர் பாதி எடையுள்ள கல்லைப் போட்டுவிட்டார் என்று பொருள். பெரிய கல் குவாரியில் கிடைக்காதபோதுதான் நான்கு கால்களுள்ள டெட்ராபாட் போன்ற கான்கிரீட் வடிவங்களை நாடுகிறோம். ஒன்றோடொன்று பிணைந்து நிற்பதால் அவை குறைந்த எடையிலும் தாங்கும்.

இவ்வளவு கணக்கையும் சரியாகப் போட்டு, சீட்டுகளையும் சரிபார்த்து நாங்கள் கட்டிய ஒரு சுவர் இரண்டாவது வடகிழக்குப் பருவத்திலேயே தாழ்ந்துபோனது. ஒரு கல்லைக்கூட அலை உருட்டிச் செல்லவில்லை. கடல் கல்லை முழுங்கிவிட்டது என்று மீனவர்கள் சொன்னார்கள்; தொழில்நுட்ப அறிக்கையில் நான் எழுதியதைவிட அது சரியான விவரிப்பு. சுவரில் மோதித் திரும்பிய அலை அடியிலிருந்த மணலைத் தோண்டியது. பெரிய கற்களுக்குக் கீழே படிப்படியாகச் சிறுத்துவரும் கல் அடுக்குகளும் வடிகட்டித் துணியும் இருக்க வேண்டிய இடத்தில், அவசரத்தில் ஒரு பகுதி விடுபட்டிருந்ததால், இடுக்குகள் வழியே மணல் கசிந்து வெளியேறியது. மூங்கில் கழியோடு நின்ற மேஸ்திரியை அன்று நினைத்துக்கொண்டேன். அந்த இடத்தில் அடியைப் பார்க்கத் தவறியவன் நானே.

அதைத் திருத்த முடிந்தது. அடிப்பகுதியை அகலப்படுத்தி மீண்டும் கட்டினோம். சுவரின் வடக்கு முனையில் நிகழ்ந்ததைத் திருத்த எங்களிடம் வழி இருக்கவில்லை. சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவத்தில் அலைகள் தெற்கிலிருந்து சாய்ந்து வந்து மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் ஓரளவு மணல் தெற்கே திரும்புகிறது. ஆண்டு முடிவில் வடக்கே போனதுதான் மிகுதி. மீனவர்கள் தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும் வடக்கிலிருந்து வருவதை வன்னி என்றும் சொல்கிறார்கள். இந்தப் போக்கை எங்கே மறித்தாலும் தெற்கே கரை வளரும், வடக்கே தேயும். 1876-இல் பணி தொடங்கி, 1881 புயலில் சிதைந்து, மீண்டும் எழுப்பப்பட்ட சென்னைத் துறைமுகச் சுவர்களால்தான் மெரினா இவ்வளவு அகன்றது. இராயபுரத்துக்கு வடக்கே உள்ள கரை கல்லை நம்பி வாழ நேர்ந்ததும் அவற்றால்தான். மெரினாவில் சுண்டல் சாப்பிடும்போதெல்லாம் இது வடசென்னைக்கு வந்துசேராத மணல் என்ற எண்ணம் எனக்கு வந்துவிடும், குடும்பத்தார் சலித்துக்கொள்வார்கள். புதுச்சேரியிலும் 1980-களின் இறுதியில் துறைமுகம் வந்தபின் நகரக் கடற்கரை கரைந்தது, கல் கொட்டினார்கள், அரிப்பு தமிழகப் பகுதியிலுள்ள தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என வடக்கே நகர்ந்தது. பின்னர் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் நீருக்கடியில் அமைத்த ஆப்பு வடிவ எஃகுத் திட்டினால் நகரின் முன் மணல் ஓரளவு திரும்பியது எனக்கு நம்பிக்கை தந்தது. அங்கே கல்லை நிறுத்துவதைவிட மணலைத் தங்கவைப்பதைப் பற்றி யோசித்திருந்தார்கள்.

கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகளிலும் இதே சிக்கல் உண்டு. அவற்றைத் தொடராக அமைக்கும்போது வடகோடியில் நீளத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தால், கடைசி வளைவைத் தாண்டியும் மணல் செல்ல இடமிருக்கும். ஒதுக்கிய தொகைக்குள் எத்தனை வளைவு முடிகிறதோ அத்தனையோடு நிறுத்திவிட்டால், நின்ற இடத்துக்கு அடுத்த ஊர் அரிபடும்.

எங்கள் சுவரின் வடக்கே இருந்த குப்பத்துப் பெரியவர் ஒருவர் ஒருநாள் தளத்துக்கு வந்தார். “சார், அவங்களுக்குச் சுவர் கட்டினீங்க, சரி. இப்போ எங்க பக்கம் படகு ஏத்த மண்ணே இல்ல. எங்களுக்கும் கல்லு போட்டா வீடு நிக்கும், ஆனா படகை எங்க இழுக்கிறது? கரைவலைய எங்க நின்னு இழுக்கிறது?” என்றார். மேலதிகாரியிடம் மனு கொடுக்கும்படி சொன்னேன். அந்தப் பதிலை இப்போது எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது. அவர் மனு கொடுத்தார். வேறு வழியில்லாமல் அதில் சுவரையே கேட்டிருந்தார்.

சில மாதங்களில் சுவரை வடக்கே நீட்டிக்க மதிப்பீடு தயாரிக்கும்படி உத்தரவு வந்தது. இம்முறை முதல் இரண்டு பக்கங்களில் மணலைப் பற்றி எழுதினேன்: சுவரின் முனைக்கு அப்பாலும் கரையின் குறுக்குவெட்டுகளை ஆனியிலும் தையிலும் அளக்க வேண்டும், தெற்கே தேங்கும் மணலை வடக்கே கொண்டுசேர்க்கும் செலவைக் கல்லின் செலவோடு ஒப்பிட வேண்டும், படகு ஏற்றுவதற்கு இடைவெளி விட வேண்டும் என்று. திரும்பிவந்த கோப்பில் இரண்டே வினாக்கள் இருந்தன: மொத்தம் எத்தனை டன் கல், குவாரியிலிருந்து எத்தனை கிலோமீட்டர். இரண்டையும் கணக்கிட்டு, அன்று மாலையே அனுப்பிவைத்தேன்.