ஷாக் பெட்டியா, சாதாப் பெட்டியா?

நைனாவுக்கு (அப்பாவுக்கு) வயது 76. குடியாத்தத்தில் 50 வருஷம் லுங்கி நெய்தவர். போன வருஷம் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. ராத்திரி படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே தூங்கினார். உள்ளூரில் வீசிங் என்று ஆறு மாதம் இன்ஹேலர் இழுக்க வைத்தார்கள். கால் வீங்கிய பிறகுதான் எக்கோ எடுத்தோம். பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளுகிற ரத்தம், 28 சதவீதம்தான்.

வேலூருக்கு ஓடினோம். (ஆஸ்பத்திரியைச் சுற்றி லாட்ஜ் போர்டெல்லாம் வங்காள மொழியில். பக்கத்து ஊர்க்காரர்களான நாங்கள்தான் திருதிருவென்று முழித்தோம்.) ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை. உடனே பெட்டி (பேஸ்மேக்கர்) வைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி மூன்று மாதம் பார்த்தார்கள். பம்பிங் 30-ஐத் தாண்டவில்லை.

ஈசிஜியைக் காட்டி டாக்டர் விளக்கினார். இதயத்தில் கரன்ட் போகிற இடது கிளை தடைப்பட்டிருக்கிறது, அதனால் இடது பக்கச் சுவர் தாமதமாகச் சுருங்குகிறது. ஈசிஜியில் அந்தச் சுருக்கத்தைக் காட்டுகிற அலையின் அகலம் 160 மில்லிசெகண்ட். 150-க்கு மேல் போனவர்களுக்கு, இரண்டு பக்கத்தையும் சேர்ந்து சுருங்க வைக்கிற மூன்று வயர் பேஸ்மேக்கர் நன்றாகப் பலன் கொடுக்குமாம்.

"மிதி தப்பிப் போச்சுன்னு சொல்லுங்க" என்றார் நைனா. மிதி என்றால் தறியின் கால்பலகை. டாக்டருக்குத் தறி தெரியாது, எனக்குப் புரிந்தது.

அடுத்ததுதான் சிக்கல். அதே பெட்டி ஷாக் கொடுக்கிற வசதியோடும் வரும். துடிப்பு திடீரென்று தாறுமாறானால் ஷாக் அடித்து உயிரைக் காப்பாற்றும்; மூச்சு வாங்குவதை ஷாக் குறைக்காது. விலையும் அதிகம். "காசு பாக்காத, பெரிசையே வையி" என்றார் சித்தப்பா. நானும் அதே எண்ணத்தில்தான் இருந்தேன். அடைப்பில்லாத இதய பலவீனத்தில், 70 தாண்டியவர்களுக்கு ஷாக்கினால் ஆயுள் கூடுவது தெளிவாகத் தெரியவில்லை என்று 2016-இல் டென்மார்க் ஆய்வு ஒன்று வந்ததை டாக்டர் சொன்னார். முடிவை எங்களிடமே விட்டுவிட்டார்.

வராந்தாவில் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருக்க, நைனாவை யாருமே கேட்கவில்லை. அவரே கூப்பிட்டார். "தூக்கத்துல போற பாக்கியத்தையும் அது பறிச்சிக்கும்னா எனக்கு இன்னாத்துக்குடா அது? மூச்சு வாங்காம நடக்கணும், அவ்ளோதான்."

ஷாக் இல்லாததையே வைத்தோம். இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்து, மூன்று மணி நேரம். இதயத்தின் பின்பக்க ரத்தக்குழாய் வழியாகப் போக வேண்டிய மூன்றாவது வயருக்குத்தான் பாதி நேரம் போனதாம்.

செல்போனைச் சட்டைப் பையில் வைக்கக்கூடாது, பெட்டியிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளியே இருக்க வேண்டும். அடையாள அட்டை எப்போதும் கூடவே. காலமானால் தகனத்துக்கு முன் பெட்டியை எடுத்துவிட வேண்டும், பேட்டரி வெடிக்கும். இதை நர்ஸ் தயங்கித் தயங்கிச் சொல்ல, நைனா சிரித்துவிட்டார்.

ஆறு வாரம் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக்கூடாது. அதற்குள் வைகாசி 1, கெங்கையம்மன் சிரசு (அம்மன் தலையை ஊர்வலமாகக் கொண்டுவரும் எங்கள் ஊர்த் திருவிழா). சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்தேன். சிரசு தெருவில் திரும்பியதும் எழுந்து நின்று வலது கையை மட்டும் உயர்த்தினார். இடது கையைப் பிடிக்கப் போன என்னை முறைத்து, "ஒத்தக் கையில கும்பிட்டா அம்மா கோச்சிக்க மாட்டா, வுடு" என்றார்.