வேளாங்கண்ணி எண்ணெயும் ஓஃபிர் ரோடு மெழுகுதிரியும்

செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்சு டிசம்பர் 22 நைட்டு சென்னைல பஸ் ஏறும்போது அப்பாயி போன் பண்ணி ஒரே ஒரு விஷயம் தான் சொல்லுச்சு, "பாப்பா, மாதாகிட்ட இது வேணும் அது வேணும்னு எதுவும் கேக்கக்கூடாது, நாம நன்றி சொல்லத்தான் போறோம்". ஒவ்வொரு வருஷமும் இதத்தான் சொல்லும், இருந்தாலும் புதுசா சொல்ற மாதிரியே சொல்லும். எனக்கு 20 வயசு ஆகுது, இந்த 20 வருஷத்துல ஒரு கிறிஸ்துமஸ் கூட நாங்க வேளாங்கண்ணி போகாம இருந்ததில்ல, கொரோனா வருஷத்துல மட்டும் வீட்லயே மாதா படத்துக்கு முன்னாடி உக்காந்து ஜெபமால சொன்னோம்.

இந்த 2025 கிறிஸ்துமஸ் லீவு எனக்கு ரெண்டு பாதி. முதல் பாதி அம்மா, அப்பாயி கூட வேளாங்கண்ணி, அடுத்த பாதி சிங்கப்பூர்ல அப்பாகிட்ட. அப்பாவுக்கு நாலு வருஷமா கிறிஸ்துமஸ்க்கு லீவு கிடைக்கல, அதனால இந்த தடவ நீ போயிட்டு வான்னு அம்மா முடிவு பண்ணிடுச்சு. சித்தப்பா அங்க குடும்பத்தோட இருக்காரு, அவரு தான் விசாவுக்கு பாத்து எல்லாம் செஞ்சாரு. அம்மாவும் வந்திருக்கலாம், ஆனா அப்பாயிய தனியா விட முடியாது.

24-ம் தேதி மதியம் தஞ்சாவூர்ல பஸ் ஏறி திருவாரூர், நாகப்பட்டினம் வழியா போனோம். நாகப்பட்டினம் தாண்டினதுமே அப்பாயி பையில இருந்து ஜெபமாலைய எடுத்துரும். அதுக்கு முன்னாடி ஊர்க்கத எல்லாம் பேசிட்டு வரும், அந்த 10 கிலோமீட்டர் மட்டும் ஒரு வார்த்த பேசாது. பேராலய கோபுரம் தூரத்துல வெள்ளையா தெரிஞ்சதும் நெத்தியில சிலுவ போட்டுக்கும், பஸ்ல எங்கள மாதிரியே பாதி பேரு சிலுவ போடுவாங்க, மீதிப் பேர்ல பொட்டு வச்ச அக்காமாரு சில பேரு கன்னத்துல போட்டுப்பாங்க. எனக்கு ரொம்ப புடிச்ச காட்சி அது. மாதாகிட்ட யாரும் நீ எந்த மதம்னு கேட்டுட்டு உள்ள விடுறதில்ல.

1962-ல இந்தக் கோயிலுக்கு பசிலிக்கா பட்டம் கிடைச்சப்போ அப்பாயிக்கு 9 வயசு, அவங்க அப்பா தோள்ல தூக்கிட்டும் நடக்கவிட்டும் கூட்டிட்டு வந்தாராம். அப்போ ரோட்டோரம் எல்லாம் சவுக்கு மரமும் மணலும் தான்னு சொல்லும். இப்போ ரெண்டு பக்கமும் லாட்ஜ், மெழுகுதிரி கட, மீன் வறுக்கிற கட, சங்கு பாசி விக்கிற கட. ரூமுக்கு முன்னாடியே சொல்லி வச்சிருந்ததால கிடைச்சுது, நிறைய பேரு கோயில் வளாகத்துலயே பாய விரிச்சு படுத்திருந்தாங்க.

நைட்டு பூச திடல்ல நடந்துச்சு. தலைக்கு மேல ஸ்டார் எல்லாம் எரியுது, கடல் காத்து சில்லுன்னு அடிக்குது, அப்பாயி தலையில துண்ட சுத்திக்கிட்டு கீழ உக்காந்திருச்சு. சரியா 12 மணிக்கு மணி அடிச்சு "உன்னதங்களிலே இறைவனுக்கு மாட்சி"ன்னு பாட்டு ஆரம்பிச்சு குழந்த இயேசு சொரூபத்த குடில்ல கொண்டு போய் வைக்கும்போது பக்கத்துல யாரு எவருன்னே தெரியாதவங்க எல்லாம் கைய புடிச்சு ஹேப்பி கிறிஸ்துமஸ் சொன்னாங்க. ஒரு அம்மா தூங்கிட்டு இருந்த கைக்குழந்தைய எழுப்பி எழுப்பி "பாரு பாரு"ன்னு காட்டிட்டு இருந்தாங்க.

25-ம் தேதி மாதாவ பாக்க லைன்ல நின்னோம். பீடத்துல மாதா கையில குழந்தையோட, புடவ கட்டி நிக்கிறத பாத்தா எங்க வீட்டு பொம்பளைங்கள்ல ஒருத்தங்க மாதிரியே தான் இருக்கும், அதனால தானோ என்னவோ அங்க போனா எல்லாரும் ஜெபம் பண்ற மாதிரி இல்லாம பேசுற மாதிரி தான் பேசுவாங்க. எனக்கு கேக்குறதுக்கு ஆயிரம் இருந்துச்சு, பிளேஸ்மென்ட் வருது, ஃபைனல் இயர் வருது, அப்பா ஊருக்கு திரும்பி வரணும். அப்பாயி சொன்னது ஞாபகம் வந்து வாய மூடிட்டு சும்மா பாத்துக்கிட்டே நின்னேன். கேக்காம நிக்கிறது எவ்ளோ கஷ்டம்னு அங்க நின்னு பாத்தா தான் தெரியும். சாயங்காலம் மாதா குளத்துக்கு போற மண் பாதையில, இயேசு சிலுவ சுமந்து போனத நெனச்சு ஜெபிக்கிற சிலுவப்பாத செஞ்சோம், முட்டி போட்டு போறவங்க நிறைய பேரு, அப்பாயியும் ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் முட்டி போட்டு தான் போகும், இப்போ மூட்டு தேஞ்சு போச்சு, நான் கொஞ்ச தூரம் அதுக்காக போனேன். மணல் தானே வலிக்காதுன்னு நெனச்சேன், நல்லாவே வலிச்சுது.

நாங்க வர்றதே உண்மையில 26-ம் தேதிக்காகத்தான்.

2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழம. அம்மா வயித்துல நான் இருந்தேன், நாலு மாசம் தாண்டியிருந்துச்சு. அம்மாவும் அப்பாயியும் கிறிஸ்துமஸ் பூசைக்கு வந்துட்டு அங்கயே தங்கியிருந்தாங்க. முந்துன நாள் நைட்டு பக்கத்து பாயில ஒரு அக்கா ரெண்டு சின்ன புள்ளைங்களோட படுத்திருந்தாங்களாம், அப்பாயிகிட்ட பேசிட்டு இருந்தாங்களாம், அம்மா வாந்தி எடுக்குறத பாத்து சுக்கு போட்டு வெந்நி குடுக்க சொன்னாங்களாம். காலையில எல்லாரும் கடல பாக்க கிளம்புனாங்க. அம்மாவும் கிளம்புச்சு, ஆனா மறுபடியும் வாந்தி வந்து கோயில் படியிலயே உக்காந்திருச்சு. அந்த அக்கா தன் பைய அப்பாயி மடியில வச்சுட்டு "பாத்துக்கோங்கம்மா, புள்ளைங்க காலு மட்டும் நனச்சுட்டு வந்துர்றேன்"னு சொல்லிட்டு போனாங்க.

அப்புறம் சுனாமி வந்தது எல்லாருக்கும் தெரியும். நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல செத்துப்போனாங்க, வேளாங்கண்ணி கடற்கரையில நின்ன யாத்ரீகர்கள், கட போட்டிருந்தவங்க, யாருன்னே அடையாளம் தெரியாம புதைச்சவங்க எத்தனையோ பேரு. தண்ணி பேராலயத்துக்குள்ள வரல. அப்பாயி சாயங்காலம் வரைக்கும் அந்த பைய மடியில வச்சுக்கிட்டு அதே படியில உக்காந்திருந்துச்சாம், அம்மா எவ்ளோ கூப்பிட்டும் எந்திரிக்கலையாம். உள்ள ஒரு துண்டு, ரெண்டு சின்ன கவுனு, ஒரு டப்பாவுல கேக்கு. கடைசியில பேரு எழுதிட்டு இருந்தவங்ககிட்ட பைய ஒப்படச்சுட்டு ஊருக்கு வந்திருக்காங்க. அந்த அக்கா பேரு கூட கேக்காம விட்டுட்டேனேன்னு அப்பாயி இன்னைக்கும் சொல்லும். அவங்க எங்கயாவது பொழச்சு புள்ளைங்களோட ஊரு போய் சேந்திருப்பாங்கன்னு அம்மா சொல்லும், அப்பாயி அதுக்கும் ஆமான்னு தலையாட்டும்.

பத்தாவது படிக்கும்போது நான் ஒருதடவ கேட்டேன், "நம்மள காப்பாத்துன மாதா அவங்கள ஏன் காப்பாத்தல, அவங்களும் மாதாவ நம்பித்தானே வந்தாங்க?" அம்மா என்ன முறச்சுச்சு. அப்பாயி முறைக்கல. "எனக்கு தெரியாது பாப்பா. மாதா எங்கள காப்பாத்துனான்னு நான் எங்கயும் சாட்சி சொல்றதில்ல பாத்தியா, அந்த புள்ள மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு. உயிரோட இருக்கேன், அதுக்கு நன்றி சொல்றேன். பைய என்கிட்ட குடுத்துட்டு போச்சு, அதனால அதுக்காக நான் தான் வேண்டணும்". இவ்ளோ தான் சொல்லுச்சு. ஞாயித்துக்கிழம மறைக்கல்வி எத்தனையோ வருஷம் போயிருக்கேன், என் விசுவாசத்துக்கு அடித்தளம் எதுன்னு கேட்டா நான் அப்பாயி சொன்ன அந்த "எனக்கு தெரியாது"வ தான் சொல்லுவேன்.

இந்த வருஷம் 21-வது நினைவு நாள். காலையிலயே நினைவு ஸ்தூபிகிட்ட கூட்டம், உள்ளூர்க்காரங்க, மீனவக் குடும்பங்க, வெளியூர்ல இருந்து வந்தவங்க, பூ போட்டு மெழுகுதிரி ஏத்துறாங்க. மத்த நாள்ல அவ்ளோ சத்தமா இருக்கிற ஊரு அன்னைக்கு காலையில மெதுவா தான் பேசும். அப்பாயி ரெண்டு மெழுகுதிரி ஏத்துச்சு, ஒன்னு செத்துப்போன எல்லாருக்கும், இன்னொன்னு பை குடுத்த அக்காவுக்கு. காத்துல அணைஞ்சுக்கிட்டே இருந்துச்சு, நான் முந்தானைய புடிச்சு மறைச்சு நின்னேன். பக்கத்துல ஒரு தாத்தா யாரோட போட்டோவோ சட்ட பாக்கெட்ல இருந்து எடுத்து ஒரு நிமிஷம் ஸ்தூபிகிட்ட காட்டிட்டு மறுபடியும் பாக்கெட்ல வச்சுக்கிட்டாரு. அவர்கிட்ட எதாவது பேசணும்னு இருந்துச்சு, என்ன பேசுறதுன்னு தெரியல.

கிளம்பும்போது அப்பாயி ஒரு பாட்டில் மாதா எண்ணெய் வாங்கி மூடிய டேப் போட்டு ஒட்டி, துணியில சுத்தி, அதுக்கு மேல பிளாஸ்டிக் கவர்ல கட்டி குடுத்துச்சு. "உங்கப்பனுக்கு".

27-ம் தேதி திருச்சியில இருந்து பிளைட். எண்ணெய் பாட்டில செக்கின் பேக்ல நடுவுல வச்சு சுத்தி என் டிரஸ்ஸ அடச்சிருந்தேன், நாலு மணி நேரமும் அது ஒழுகிருமோன்னு தான் யோசன. ஒழுகல. வெளிய வந்ததும் அப்பா நின்னாரு, முடி நரைச்சிருந்துச்சு, வீடியோ கால்ல அது தெரிஞ்சதே இல்ல.

மறுநாள் ஞாயித்துக்கிழம, ஓஃபிர் ரோட்ல இருக்கிற லூர்து மாதா கோயில். 1888-ல கட்டி முடிச்சது, பிரான்ஸ்ல இருக்கிற லூர்து பேராலயத்த பாத்து கட்டுனது, தொடக்கத்துல இருந்தே தமிழ் கத்தோலிக்கர்களோட கோயில். வேளாங்கண்ணிய கீழை நாடுகளின் லூர்துன்னு சொல்லுவாங்க இல்லையா, அங்க இருந்து கிளம்பி இங்க ஒரு லூர்து மாதா முன்னாடி வந்து நிக்கிறேன்னு நெனச்சப்போ உடம்பு சிலிர்த்துச்சு. சுத்தி உயரமான பில்டிங், நடுவுல வெள்ளையா ஒத்த கோபுரம். உள்ள போனா தமிழ்ல ஜெபமால, "அருள் நிறைந்த மரியே வாழ்க", எங்க ஊரு பூசையில கேக்குற அதே ராகம், அதே இழுப்பு.

அன்னைக்கு திருக்குடும்ப திருவிழா. அதோட எதிர்நோக்கின் திருப்பயணிகள்னு ஒரு வருஷமா கத்தோலிக்க திருச்சபை புனித ஆண்டா கொண்டாடுன யூபிலி ஆண்டு எல்லா மறைமாவட்டத்துலயும் முடியுற நாளும் அது தான். நற்செய்தி வாசகம் யோசேப்பு ராத்திரியோட ராத்திரியா குழந்தையையும் தாயையும் கூட்டிட்டு எகிப்துக்கு போற பகுதி. பொழைக்க வேற தேசம் போன குடும்பம். நான் திரும்பி பாக்கல, ஆனா அப்பா பக்கத்துல மூக்க உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு. என்னைச் சுத்தி உக்காந்திருந்தவங்கள்ல பாதி பேரு தனியா வந்த ஆம்பளைங்க, வாரத்துல இந்த ஒரு நாள் தான் அயர்ன் பண்ண சட்ட போட்டிருப்பாங்க போல.

பூச முடிஞ்சதும் அப்பா என்ன ஒரு பெஞ்சுகிட்ட கூட்டிட்டு போய் உக்கார சொன்னாரு. "இங்க தான் உக்காந்திருந்தேன்". 2004-ல அப்பா இங்க ஒர்க் பர்மிட்ல வந்து ஒரு வருஷம் தான் ஆகியிருந்துச்சு. இங்க மணி நம்மூர விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி, மத்தியானம் டார்மிட்டரி டிவில நியூஸ் ஓட ஆரம்பிச்சிருக்கு, வேளாங்கண்ணின்னு பேரு வந்திருக்கு. போன் கார்டு போட்டு போட்டு பாத்தும் லைன் கிடைக்கல. பஸ் புடிச்சு இங்க வந்து நைட்டு கதவு சாத்துற வரைக்கும் இதே பெஞ்சுல இருந்திருக்காரு. "என்ன வேண்டுனீங்கப்பா?"ன்னு கேட்டேன். "ஒன்னும் வேண்டல, வேண்டவே வரல. மாதாவே மாதாவேன்னு மட்டும் சொல்லிட்டு இருந்தேன்". மறுநாள் எதுத்த வீட்டு போன்ல அம்மா கொரல கேட்டப்புறம் தான் சாப்பிட்டாராம். எங்க அப்பா இத என்கிட்ட சொல்றது இதான் முதல் தடவ. அம்மாகிட்ட கூட முழுசா சொன்னதில்லையாம். இங்க இருக்கிற வருஷமெல்லாம் 26-ம் தேதி வேல முடிஞ்சு எந்நேரமானாலும் இங்க வந்து மெழுகுதிரி ஏத்திட்டு தான் போவாராம், முந்தாநாளும் வந்திருக்காரு. அதாவது நாங்க அங்க ஸ்தூபிகிட்ட நின்ன அதே நாள் அப்பா இங்க தனியா நின்னிருக்காரு, இத்தன வருஷமா.

அப்பாயிக்கு வீடியோ கால் போட்டோம். மாதாவ காட்டுன்னு சொல்லுச்சு, காட்டுனோம். கும்பிட்டுட்டு, "தம்பி, அந்த பை குடுத்த புள்ளைக்கு ஏத்துனியா?"

"ஏத்திட்டேம்மா. எப்பவும் ரெண்டு தானம்மா ஏத்துவேன்."

அப்பாயி கொஞ்ச நேரம் ஒன்னுமே சொல்லல, அப்புறம் சாப்டியான்னு கேட்டுட்டு போன வச்சிருச்சு.

வெளிய வந்து, குகை மாதிரி கட்டி மாதா சொரூபம் வச்சிருக்கிற கெபி பக்கத்துல நின்னு எண்ணெய் பாட்டில பிரிச்சேன். டேப்ப கிழிக்கவே அஞ்சு நிமிஷம் ஆச்சு. அப்பா நெத்தியில போடலாம்னு விரல்ல தொட்டதும் பக்கத்துல நின்ன ஒரு அண்ணன் "வேளாங்கண்ணி எண்ணெயா தங்கச்சி?"ன்னு கேட்டாரு, பட்டுக்கோட்ட பக்கமாம். அவருக்கு போட்டேன். அவரு இன்னொருத்தர கூப்பிட்டாரு. ஒரு வயசான சீன ஆன்ட்டி என்னன்னு கேட்டுட்டு அவங்களும் தலைய குனிஞ்சாங்க. ஒரு அண்ணன் கைக்குட்டையில ரெண்டு சொட்டு வாங்கி மடிச்சு பாக்கெட்ல வச்சுக்கிட்டாரு, ரூம்ல ஃபிரெண்டுக்கு காய்ச்சலாம். பாட்டில் சின்னது, குறைஞ்சுக்கிட்டே வருது, நான் அப்பாவ பாக்குறேன், அப்பா "குடு குடு"ன்னு கைய காட்டுறாரு.

எல்லாரும் போனப்புறம் பாட்டில கவுத்து தட்டி விரல்ல வந்தத அப்பா நெத்தியில சிலுவையா போட்டேன்.