மொட்டை மாடியில் திரும்பிய திசைகள்

தஞ்சை, கும்பகோணம், நாகை வட்டாரத்தில் டிவி எப்படி மாறியது என்பதை ஹாலைவிட மொட்டை மாடிதான் நன்றாகச் சொல்லும்.

1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கிய சென்னை நிலையம் இங்கே எட்டவில்லை. 1982-இல் வந்த இலங்கை டிவி ரூபவாஹினிக்காக ஆன்டெனாக்கள் தெற்கே, சற்றுக் கிழக்காகத் திரும்பின. வெயில் காலத்தில் காற்று அசையாத இரவுகளில் கடல்மேல் வெப்பக் காற்று அடுக்காக நின்று அலையை வளைத்துக் கொண்டுவரும்; படம் பளிச்சென்றிருக்கும். மற்ற நாளில் சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் போட்டாலும் புள்ளிதான். கொடைக்கானல் டிவி கோபுரம் வந்ததும் எல்லாம் மேற்கே திரும்பின. ஆன்டெனாவில் குட்டைக் குழாய்கள் உள்ள பக்கம்தான் கோபுரத்தைப் பார்க்க வேண்டும். இதை மாற்றி மாட்டிய வீடுகள் ஏராளம். நாகைப் பக்கம் உப்புக் காற்றில் ஒயர் முனை பச்சை பூக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடுக்கினால் பாதிக் கோளாறு தீரும்.

1993-க்குப் பிறகு கேபிள். மாடிக்கு வேலையே இல்லாமல் போன காலம் அது.

இப்போது டிஷ். இலவச தூர்தர்ஷன் சேனல்கள் 93.5 டிகிரி கிழக்கில் இருக்கும் செயற்கைக்கோளிலிருந்து வருகின்றன. தஞ்சையிலிருந்து அது தென்கிழக்கே, ஏறத்தாழ 69 டிகிரி உயரத்தில், அதாவது கிட்டத்தட்ட தலைக்கு மேலே. அதனால் தென்னையைக் கண்டு பயப்பட வேண்டாம். டிஷ்ஷைவிட 50 அடி உயர்ந்த மரத்திலிருந்து 20 அடி, மட்டை விரிவுக்கு இன்னும் 15 அடி தள்ளினால் போதும். டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டு அலையை வாங்கும் எல்என்பியை நேராக மாட்டக் கூடாது. இங்கே சுமார் 50 டிகிரி சாய்வு வேண்டும், இல்லாவிட்டால் சேனல்கள் அரைகுறையாக வரும். எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதை சிக்னல் அளவைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

பழைய ஆன்டெனா பைப்பில் மட்டும் டிஷ்ஷை மாட்டிவிடாதீர்கள். ஆன்டெனா காற்றில் ஆடினால் தாங்கும். டிஷ் இரண்டு டிகிரி விலகினாலே படம் போய்விடும். சுவரிலோ தளத்திலோ போல்ட் போட்டு இறுக்குங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் படம் கட்டம் கட்டமாக உடைவது டிஷ்ஷின் குற்றமல்ல. ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி மழை கொட்டும்போதே அலை பலவீனமாகிவிடும், பொறுத்தால் திரும்பும். மழை விட்டு மறுநாளும் வராவிட்டால் கனெக்டரில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். முனையை வெட்டிப் புதிதாக மாட்டி, ரப்பர் டேப் சுற்றுங்கள். வீட்டுக்குள் நுழையுமுன் ஒயரை ஒருமுறை கீழே தொங்கவிட்டு மேலேற்றுங்கள். தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.