உரிந்து விழுந்த பின் டயர்

காலை பத்தரை மணி இருக்கும். கைபேசியில் எங்கள் தோட்டத்து டிரைவர் தம்பியின் குரல் நடுங்கியது. "அங்கிள், பின்னாடி டயர் வெடிச்சிருச்சு. வண்டி வாய்க்கால் ஓரமா நிக்குது. எனக்கு ஒண்ணும் ஆகல. உர மூட்டைதான் நாலஞ்சு ரோட்டுல கெடக்கு."

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட் பட்டணத்தில் உரம் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பும் வழி. நேரான தார்ச்சாலை. மழை இல்லை, குழி இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது பிக்கப் இடது பக்கம் சாய்ந்து நின்றது. டயரின் மேல் பட்டை முழுசாகக் கழன்று நூறடி பின்னால் சுருண்டு கிடந்தது. கழன்ற பட்டை சுற்றிச் சுற்றி அடித்ததில் சக்கரத்துக்கு மேலிருந்த தகரம் நசுங்கி, மண்காப்பு கிழிந்து தொங்கியது. தம்பி சாலையோரப் புல்லில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு வயது இருபத்து மூன்று. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான்.

"வெடிக்கிறதுக்கு முன்னாடி ஏதாவது தெரிஞ்சதா?" என்று கேட்டேன். "அஞ்சு நிமிஷமா பின்னாடி தடதடன்னு ஆடுச்சு அங்கிள். ரோடு சரியில்லைன்னு நெனச்சேன்." இதை அவன் சொன்னதும் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பி அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியத் தொடங்கினால் அந்த இடம் புடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் புடைப்பு தரையில் மோதும். அதுதான் அந்தத் தடதட.

வண்டி தோட்டத்துக்கு வருவதற்குள் ஆபிஸில் தீர்ப்பு வந்துவிட்டது. "வேகமா ஓட்டியிருப்பான்" என்றார் மானேஜர். விளக்கம் கேட்டுக் கடிதம் அடிக்கச் சொல்லிவிட்டார். ஸ்டோர் கிராணி, "செலுப் டயரா இருக்கும், அதான் உரிஞ்சிருக்கு" என்றார். தேய்ந்த டயருக்குப் புதுப் பட்டை ஒட்டியதைத்தான் செலுப் டயர் என்போம். இரண்டும் டயரைப் பார்க்காமல் சொன்ன வார்த்தைகள். செலுப் டயர் மட்டும்தான் உரியும் என்று நம் ஆட்கள் பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை, புதிதாக வாங்கிய டயரும் உரியும். இதுவோ ஒருமுறைகூடப் பட்டை மாற்றாத டயர்.

கிழிந்த டயரைக் குப்பையில் போட வேண்டாம் என்று கேட்டு வாங்கி, பட்டறைச் சிமெண்டுத் தரையில் போட்டேன். கைவிளக்கை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அதோடு உட்கார்ந்திருந்தேன். பத்தொன்பது வருடப் பட்டறை வேலையில் நான் கற்றுக்கொண்ட பெரிய பாடமே இதுதான்: செத்த டயர்தான் உண்மையான சாட்சி.

உட்புறத்தை விரலால் தடவினேன். கறுப்பாகப் பொடி ஒட்டியது, இடித்த மிளகுத்தூள் போல. பக்கவாட்டின் உள்பக்கம் வளையம் வளையமாகச் சுருக்கம் விழுந்திருந்தது. காற்றுக் குறைந்த நிலையில் நெடுநாள் ஓடிய டயரில்தான் இப்படி இருக்கும். காற்றுக் குறைந்தால் டயரின் பக்கவாட்டு ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. மடங்கி நிமிர்வதில் சூடு பிறக்கிறது. அந்தச் சூடுதான் ரப்பரின் எமன்.

அப்புறம் கழன்ற பட்டையைத் திருப்பிப் பார்த்தேன். ஓரிடத்தில் வெளியிலிருந்து கயிறு திணித்து அடைத்த பழைய ஆணித்துளை. அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குக் கம்பிகள் ரப்பர் ஒட்டாமல் வெறுமனே நின்றன, செம்பழுப்பாகத் துரு ஏறி. மற்ற இடங்களில் கம்பிமேல் ரப்பர் திட்டுத்திட்டாகப் பிய்ந்து ஒட்டியிருந்தது. ஒட்டியிருந்த இடம் கடைசிவரை பிடித்து நின்ற இடம். துருப்பிடித்த இடம் எப்போதோ விட்டுப்போன இடம்.

எஃகும் ரப்பரும் சாதாரணமாக ஒட்டாது. அதனால் கம்பிக்கு மெல்லிய பித்தளைப் பூச்சுக் கொடுக்கிறார்கள். ரப்பரில் கலக்கும் கந்தகம் அந்தப் பித்தளையில் உள்ள செம்போடு சேர்ந்துதான் பிடிப்பு உண்டாகிறது. ஆணித்துளையை வெளியிலிருந்து கயிறால் அடைத்தால் காற்று நிற்கும், ஆனால் ஈரம் உள்ளே போக வழி இருக்கும். ஈரம் போனால் துரு, துரு வந்தால் பிடிப்பு போச்சு. டயரைக் கழற்றி, உள்பக்கம் ஒட்டுப் போட்டு, துளையையும் ரப்பர்த் தண்டால் நிரப்புவதுதான் முறையான வேலை. கூடுதலாகக் கொஞ்சம் பணம் ஆகும், அவ்வளவுதான்.

டயர் என்றால் எனக்கு வெறும் இரும்புச் சாமான் போலத் தோன்றுவதில்லை. அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். விடியும் முன் நெற்றி விளக்கோடு போவார். பக்கத்துக் கோலகங்சாரில் 1877இல் நட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளில் ஒரு மரம் இன்னும் நிற்கிறது. இப்போது எங்கள் தோட்டம் முழுக்கச் செம்பனை. ஆனாலும் பாரம் தூக்கும் வண்டிகளின் டயரில் இன்றும் மரத்துப் பால்தான் நிறையச் சேர்கிறது, செயற்கை ரப்பரைவிட அதில் சூடு குறைவாகப் பிறக்கும், கிழிசலையும் நன்றாகத் தாங்கும் என்பதால். அப்படிப்பட்ட பொருளை நாம் இப்படிப் பராமரிப்பில்லாமல் கொல்கிறோமே என்று உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

கடைசியாகப் பக்கவாட்டில் இருந்த நான்கு எண்களைத் துடைத்துப் பார்த்தேன். 3117. அதாவது 2017ஆம் ஆண்டின் 31ஆவது வாரத்தில் செய்தது. இது நடந்தது 2024இல். ஏழு வருடம்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. இரண்டு மாதத்துக்கு முன் அந்தச் சக்கரத்தில் இருந்த டயரைக் கல் கிழித்துவிட்டது. வண்டிக்கு அடியில் தொங்கிய மாற்று டயரை எடுத்துப் போட்டவன் நான். டயரின் பட்டை வரிகளை மலாயில் புங்கா என்பார்கள், நாங்களும் பூ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். "பூ நல்லா இருக்கு, ஓடும்" என்று நானே சொன்னேன். எண்களைப் பார்க்கவில்லை. அடைத்த துளையைப் பார்த்தும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதிகம் ஓடாத டயருக்கும் வயது ஏறும். ஏழு வருடம் சேற்றிலும் சூட்டிலும் தொங்கிய டயருக்குப் பூ மட்டும்தான் புதிதாக இருந்தது.

மறுநாள் காலை, வண்டி சூடாகும் முன் மற்ற டயர்களின் காற்றை அளந்தேன். வலது பின் டயரில் 190 கிலோபாஸ்கல். கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் பாரம் ஏற்றும்போது பின்சக்கரத்துக்குத் தனியாகக் கூடுதல் அளவு போட்டிருக்கிறது. அதை யாரும் படித்ததில்லை. பெட்ரோல் நிலையத்தில் தம்பி காற்றைப் பார்க்காமலும் இல்லை. ஆனால் வெயிலில் ஓடி வந்த சூட்டோடு பார்த்திருக்கிறான். பத்து டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய 10 கிலோபாஸ்கல் கூடிக் காட்டும். மீட்டரில் சரியாகத் தெரிந்தது, உண்மையில் குறைவு. காலால் உதைத்துப் பார்ப்பதும் இந்தக் கால டயருக்கு உதவாது. ரேடியல் டயர் நல்ல காற்றிலும் கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும்.

பாரத்தையும் கணக்குப் பார்த்தேன். 50 கிலோ மூட்டை 24, ஆக 1,200 கிலோ. எங்கள் பிக்கப்புக்கு ஒரு டன்னே அதிகம். டயரில் 110 என்று போட்டிருந்தது. ஒரு டயர் 1,060 கிலோ தாங்கும் என்று பொருள். ஆனால் அதற்குரிய முழுக் காற்று இருந்தால்தான் அந்தக் கணக்கு.

2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் இதே மாதிரிப் பட்டை உரிந்து, பலர் உயிரிழந்த விவகாரம். டயரில்தான் கோளாறு என்றது ஒரு கம்பெனி, நீங்கள் சொன்ன காற்றளவு குறைவு என்றது இன்னொன்று. அவ்வளவு பெரிய இடத்திலேயே ஒரே காரணத்தைப் பிடித்துத் தொங்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் காற்றுக் குறைந்தால் விளக்கு எரியும் கருவியை அங்கே புது வண்டிகளில் கட்டாயமாக்கினார்கள். எங்கள் தோட்டத்தில் எட்டு மாத டிரைவர் ஒருவன் தலையில் எல்லாவற்றையும் கட்டப் பார்த்தோம்.

வேகமும் இருந்தது. மறைக்க விரும்பவில்லை. தொண்ணூறைத் தாண்டியிருந்ததாகத் தம்பியே என்னிடம் சொன்னான். அதையும் அறிக்கையில் எழுதினேன். அதற்கு மேலே வயது, துரு, காற்று, பாரம் என்று வரிசையாக எழுதி, "மாற்று டயரைப் பொருத்தியவர்" என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். துருப்பிடித்த கம்பித் துண்டை ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்து அதோடு இணைத்தேன்.

மானேஜர் இரண்டு தடவை படித்தார். "உங்க பேர நீங்களே எழுதியிருக்கீங்களே?" என்றார். "நான்தான சார் போட்டேன்" என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். கிராணியைக் கூப்பிட்டு, தம்பியின் ஃபைலில் இருந்த கடிதத்தை எடுக்கச் சொன்னார். எல்லா வண்டிகளின் மாற்று டயர்களையும் பார்த்துப் பட்டியல் கொடுக்கச் சொன்னார். பார்த்ததில் இன்னும் மூன்று டயர் அதே வயது.

அன்று மாலை வேலை முடிந்து தம்பி பட்டறைக்கு வந்தான். அந்த நான்கு எண்கள் எங்கே இருக்கும் என்று கேட்டான். காட்டினேன். வெளியே போய்த் தன் மோட்டோவின் பின்சக்கரத்துக்கு அருகில் குந்தி, சேற்றை விரலால் தேய்த்தான். நான் விளக்கைப் பிடித்தேன். 0916.

"அங்கிள்," என்று நிமிர்ந்து பார்த்தான். "இதுல தங்கச்சியயும் ஏத்திக்கிட்டுப் போறேன்."

"நாளைக்கு மத்தியானம் பட்டணத்துக்குப் போலாம்" என்றேன்.